நடந்தால் வெள்ளி தரும் செயலி: எங்கள் வீட்டுக் கணக்கு

கேள்வி: நடந்தால், உடற்பயிற்சி செய்தால் பரிசு தரும் கைப்பேசிச் செயலிகளை யாராவது தொடர்ந்து பயன்படுத்தியிருக்கிறீர்களா? உண்மையில் ஏதாவது கிடைக்கிறதா? உடம்புக்குப் பயன் உண்டா?

கிடைக்கிறது. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த வெங்காயமும் ஒரு பை ஆட்டா மாவும் என் மாமியார் நடந்து சம்பாதித்தவை. உடம்புக்குப் பயன் உண்டா என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், ஈசூனில். இங்கே சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் ‘நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்’ என்ற ஒன்றைத் தொடங்கியது. ‘ஹெல்தி 365’ என்ற செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டால், கையில் கட்ட ஒரு பட்டையையும் இலவசமாகக் கொடுத்தார்கள். நடக்கும் காலடிகளுக்குப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பேரங்காடியில் காசுக்குப் பதிலாகக் கொடுக்கும் பற்றுச்சீட்டு. 150 புள்ளிக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர். அடுத்த ஆண்டே சுகாதார அமைச்சர் நீரிழிவுக்கு எதிராகப் ‘போர்’ என்று அறிவித்தார். இங்குள்ள மூன்று பெரிய இனங்களில் அப்போது சர்க்கரை அதிகம் இருந்தது இந்தியர்களான நம்மவர்களிடம் என்பதால், அந்தப் போரில் எங்கள் வீடும் ஒரு முன்னணி முகாம்.

2017 கடைசியில் எனக்கு ஹெச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, 6.3 என்று வந்தது. டாக்டர் “இன்னும் சர்க்கரை இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது” என்றார். அந்த வாரமே சமூக மன்றத்தில் ஒரு மேசை போட்டுப் பட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று வாங்கிவந்தேன். அத்தை என்றால் என் மாமியார். அப்போது அவருக்கு 66 வயது.

முதல் ஐந்து வெள்ளிப் பற்றுச்சீட்டு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. உணவங்காடியில் ஒரு தட்டு கோழிச்சோறும் ஒரு கோப்பியும் அந்தக் காலத்தில் ஏறக்குறைய அதே காசுதான். அதாவது, மூன்று வார நடைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. மன்னார்குடியில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். “நடக்கிறதுக்கு கவர்மெண்டே காசு தருதா? அப்ப நான் அம்பது வருஷமா வயலுக்கு நடந்ததுக்கெல்லாம் யாரு தருவா?” என்று கேட்டார். இன்றுவரை பதில் கிடைக்காத கேள்வி.

அத்தை முதலில் முறுக்கிக்கொண்டார். “காசுக்கு நடக்கிறதா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க” என்றார். அவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவரின் மகள், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மானம் கொஞ்சம் அதிகம். ஆனால் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியும் அதே பட்டையைக் கட்டியிருப்பதைப் பார்த்த அன்று சாயங்காலமே கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து இருவரும் காலை ஆறரைக்கு புளோக்குக்குக் கீழே சந்திப்பார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சீனம் தெரியாது. அந்தத் தலைமுறைக்கு வாய்த்த பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டே பூங்காவை மூன்று சுற்று வருவார்கள். மலாய் எனக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தினமும் எத்தனை அடி என்று நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதிவைப்பது அத்தையின் வழக்கம். அந்தக் குறிப்பில்தான் ஒருநாள் விசித்திரம் ஒன்று தெரிந்தது. மழை பெய்து வெளியே போகாத நாளிலும் இரண்டாயிரம் அடி. என்னவென்று பார்த்தால், அன்று இரவு விருந்தாளிகளுக்காக ஐம்பது சப்பாத்தி தேய்த்திருக்கிறார். பட்டைக்குள் இருப்பது முடுக்கமானி, அசைவை உணரும் ஒரு சின்னக் கருவி. அதற்குக் கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கை ஒரே தாளத்தில் ஆடினால் அதற்கு அது நடை. சப்பாத்திக் கட்டையும் அதற்கு நடைபாதைதான்.

இதன் மறுபக்கம் அடுத்த தைப்பூசத்தில் தெரிந்தது. அத்தை பால்குடம் எடுத்து, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை வெறுங்காலுடன் நடந்தார். கால் கொப்பளித்துவிட்டது. வீட்டுக்கு வந்து பட்டையைப் பார்த்தால், பாதி வழிகூட ஏறவில்லை. குடத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் மணிக்கட்டு ஆடவே இல்லை. “முருகன் எண்ணியிருப்பான், விடுங்க” என்று என் கணவர் சொன்னார். அத்தை சமாதானம் ஆகவில்லை. கடையில் தள்ளுவண்டி தள்ளும்போதும், குழந்தை வண்டி தள்ளும்போதும் இதே கதைதான். நீங்களும் கைப்பட்டையோ கடிகாரமோ கட்டியிருந்தால், அந்த நேரங்களில் அதைக் கழற்றிக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், ஓரளவு சரியாக எண்ணும்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அது எண்ணுவதும் எண்ணாததும் சேர்ந்து நம் பழக்கத்தையே மாற்றுகிறது என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. அதற்கு முன் வாரம் இரண்டு நாள் நீச்சல்குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பட்டை தண்ணீருக்கு ஆகாது, கழற்றி வைக்க வேண்டும். ஒரு மணிநேரம் நீந்திக் களைத்து வெளியே வந்தால் பூஜ்யம். அதே ஒரு மணிநேரம் நடந்திருந்தால் ஆறாயிரம். நானாக ஒருநாளும் ‘நீச்சலை விடுகிறேன்’ என்று முடிவெடுக்கவில்லை. இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி, அது காணாமல்போனது. பிறகு முழங்கால் வலி என்று போனபோது இயன்முறை மருத்துவர் “உங்களுக்கு நீச்சல்தான் நல்லது, ஏன் விட்டீர்கள்?” என்றார். புள்ளி வராததால் என்று வெட்கமில்லாமல் எப்படிச் சொல்வது? நேரமில்லை என்று சொன்னேன்.

இன்னொரு பைத்தியம், பத்தாயிரம். இரவு பதினொன்றரைக்கு 9,400 என்று காட்டும். பல் துலக்கியாகிவிட்டது, இரவு உடையில் இருக்கிறேன். இருந்தாலும் புளோக்குக்குக் கீழே இறங்கி, கல் மேசைகளைச் சுற்றிச் சுற்றி 600 அடி. 10,000 வந்ததும் மின்தூக்கிக்குத் திரும்பிவிடுவேன், 10,050 கூட ஆகாது. எதிரே அதேபோல் ஒரு மலாய்க்காரர் கையை வீசிக்கொண்டு வட்டமடிப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் நடப்போம்.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். எந்த மருத்துவ ஆராய்ச்சியிலும் பிறந்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருடம் ஜப்பானில் யமாசா என்ற கடிகார நிறுவனம் ஒரு காலடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டு, அதற்கு ‘மான்போ-கெய்’ என்று பெயர் வைத்தது. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். பெயர் ஒட்டிக்கொண்டது. 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி 72 வயதான பதினாறாயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவு. 7,500 வாக்கில் போனால் அதற்குமேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதை அத்தையிடம் சொன்னேன். “அப்ப ஏன் செயலியில பத்தாயிரத்துக்கு அதிகப் புள்ளி போட்டிருக்கான்?” என்றார். நியாயமான கேள்வி.

சரி, இவ்வளவு சின்னக் காசுக்கு ஏன் இத்தனை பேர் ஓடுகிறோம்? என் அனுபவத்தில், காசு வருகிறது என்ற சந்தோஷம் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. அதன் பிறகு என்னை இறக்கிவிட்டது, இன்று விட்டால் போய்விடுமே என்ற பதற்றம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 281 ஊழியர்களை வைத்து 13 வாரம் இதையே சோதித்திருக்கிறார்கள், 2016இல் வெளியானது. இலக்கு நாளுக்கு 7,000 அடி. ஒரு குழுவுக்கு எட்டிய நாளுக்கெல்லாம் 1.40 டாலர். இன்னொரு குழுவுக்கு மாதத் தொடக்கத்திலேயே 42 டாலரைக் கணக்கில் எழுதிவிட்டு, எட்டாத நாளுக்கெல்லாம் 1.40 கழித்தார்கள். தொகை ஒன்றுதான். எதுவும் கிடைக்காத குழு 30 சதவீத நாட்களில் இலக்கை எட்டியது. சேர்த்துக் கொடுத்த குழு 35 சதவீதம், அதனால் பெரிய பலன் என்று சொல்வதற்கில்லை. கழித்துக்கொண்டே வந்த குழு 45 சதவீதம். கையில் இருக்கும் ஒரு வெள்ளி போவதென்றால் நாம் எழுந்து ஓடுவோம், வரப்போகும் ஒரு வெள்ளிக்குச் சோம்பல்படுவோம். என் பாட்டியின் சுருக்குப்பையைப் பார்த்திருந்தால் அவர்களுக்கு அந்த ஆராய்ச்சிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஏமாற்று வேலை நடக்காதா என்றால், நடக்கும். என் பெரிய மகன் யூடியூப் பார்த்துக்கொண்டே என் பட்டையை ஆட்டி நாலாயிரம் ஏற்றிக் கொடுத்து அதற்கு ஒரு ஐஸ்கிரீம் கேட்டான். சீனாவில் கைப்பேசியை வைத்தால் தானே ஆட்டிக்கொண்டிருக்கும் குட்டித் தொட்டில்களே இணையத்தில் விற்றார்கள். பிறகு வந்த பட்டைகள் இதயத் துடிப்பையும் அளக்கத் தொடங்கின. மூச்சு வாங்கும் நடைக்குத் தனிப் புள்ளி வந்தது. சப்பாத்திக் கட்டையால் அதை ஏமாற்ற முடியாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வதும் அடிக்கணக்கு அல்ல, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. மிதம் என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அத்தை நடக்கும்போது ஒரு முருகன் பாட்டை முணுமுணுத்துப் பார்ப்பார். ஒரு வரி முழுதாகப் பாட வந்துவிட்டால் வேகத்தைக் கூட்டுவார். சீன ஆன்ட்டிக்கு இந்தச் சோதனை பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஊரில் இருக்கும் தங்கை, இதேபோல் ஒன்றைத் தன் கைப்பேசியில் போடலாமா என்று கேட்டாள். நானும் ஒரு நாணயச் செயலியைப் பயன்படுத்தியிருந்தேன், பெயர் வேண்டாம். எட்டு மாதம் நடந்து சேர்த்த நாணயங்களுக்குக் கிடைத்தது, நான் வாழ்நாளில் வாங்கப்போகாத ஒரு காதொலிக் கருவிக்குத் தள்ளுபடி. அழித்துவிட்டேன். வெளிநாட்டுக் கதைகளும் இருக்கின்றன. கனடாவில் அரசாங்கப் பணத்தில் 2016இல் தொடங்கிய ‘கேரட் ரிவார்ட்ஸ்’ நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே பணம் தீர்ந்து 2019 ஜூனில் மூடப்பட்டது. ‘ஸ்டெப்பன்’ என்று ஒன்று, முதலில் நாம் காசு கொடுத்து, திரையில் மட்டுமே இருக்கும் மின்னணுக் காலணி வாங்க வேண்டும், பிறகு நடந்தால் கிரிப்டோ நாணயம் தரும். 2022 ஏப்ரலில் உச்சத்துக்குப் போன அந்த நாணயத்தின் விலை அடுத்த சில மாதங்களில் சரிந்தது. கடைசியில் சேர்ந்தவர்களுக்குக் காலணி மட்டும் மிச்சம், அதுவும் போட முடியாத காலணி. அமெரிக்காவில் முன்பு இருந்த ‘பேக்ட்’ என்ற செயலியில் உடற்பயிற்சியைத் தவறவிட்டவர்களின் வங்கி அட்டையிலிருந்து காசு போனது. உடற்பயிற்சி செய்தவர்களிடமும் பிடித்துக்கொண்டது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2017இல் சமரசத்துக்குக் கொண்டுவந்தது.

அதனால் தங்கையிடம் இரண்டே விஷயம் சொன்னேன். முதலில் நம்மிடம் காசு கேட்கும் செயலி பக்கம் போகாதே. அடி எண்ண இருப்பிடம் தெரியத் தேவையில்லை, எந்நேரமும் இருப்பிட அனுமதி கேட்டால் உன் நடையைவிட நீ போகும் இடம்தான் அவர்களுக்கு வேண்டும். இங்கே எங்களுக்குக் காசு தருவது அரசாங்கம். நாங்கள் மருத்துவமனைக்கு வராமலிருந்தால் அதற்கு லாபம், அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. தனியார் செயலியில் அந்தக் காசு யார் பையிலிருந்து வருகிறது என்று புரியாதவரை கொஞ்சம் தள்ளியே நிற்கலாம்.

என் ஹெச்பிஏ1சி ஒன்றரை வருடத்தில் 5.9க்கு வந்தது. நடையால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், இரவுச் சோற்றையும் விட்டிருந்தேன். நீச்சலுக்குத் திரும்பிவிட்டேன், அந்த இரண்டு நாளும் பட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். பத்தாயிரத்துக்காக இரவில் இறங்குவதில்லை. அந்த மலாய்க்காரர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறாரா தெரியாது.

அத்தைக்கு இப்போது 74. போன வியாழக்கிழமை பட்டையைச் சார்ஜ் போட மறந்துவிட்டார். காலையில் அது உயிரில்லாமல் கிடந்தது. “எண்ணாத நடை எதுக்கு” என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார். ஆறே முக்காலுக்குச் சீன ஆன்ட்டி காலணி மாட்டியபடியே வந்து கதவைத் தட்டினார், மலாயில் ஏதோ திட்டினார், இவர் முனகிக்கொண்டே போனார். ஒரு மணிநேரம் கழித்து வியர்த்து வந்து, என் கைப்பேசியை வாங்கிச் செயலியைத் திறந்து, அந்த ஆறாயிரத்தை உள்ளே எழுதிப்போட ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார்.