மூட் கோர்ட் (லா ஸ்டூடன்ட்ஸ் கற்பனை வழக்குல வாதாடற போட்டி) கேள்விங்க, இந்தத் தடவை கொஞ்சம் கோவத்தோட

ஃபர்ஸ்ட் இயர் தான் சார், மூட் பண்ணலாமா?
தாராளமா. ரிசர்ச்சரா சேருங்க, மைக் அப்புறம்.

நாங்க ரெஸ்பாண்டன்ட் (எதிர்தரப்பு) சைடு பேசத்தான் பிராக்டிஸ் பண்றோம், ஒரு மெமோரியல் (எழுதிக் கொடுக்கற வாதம்) போதுமா?
ரூல்ஸ் படிச்சீங்களா? படிக்கலைன்னு கேள்வியே சொல்லுது. ரெண்டு பக்கத்துக்கும் தான் பெரும்பாலும் கேப்பாங்க, எந்தப் பக்கம் பேசணும்ங்கறது டிராவுல தெரியும்.

ஜட்ஜைக் கூப்பிடறது மை லார்டா, யுவர் ஆனரா?
பார் கவுன்சில் 2006லயே யுவர் ஆனர் போதும்னுச்சு. ஆனா 2021ல ஒரு லா ஸ்டூடன்ட் அப்படிக் கூப்பிட்டப்போ தலைமை நீதிபதி பாப்டே, அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டை நினைச்சிட்டு பேசறீங்களான்னு கேட்டார். மூட்ல ரூல்ஸ்ல என்ன போட்டிருக்கோ அதைச் சொல்லுங்க.

ஏஐ கிட்ட கேட்டு 12 கேஸ் எடுத்தேன், சைட்டேஷன் ஃபார்மட் (கேஸைக் குறிப்பிடற முறை) மட்டும் செக் பண்ணித் தரீங்களா?
மாட்டேன். முதல்ல அந்த 12 கேஸும் இருக்கான்னு பாருங்க தம்பி. 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீல் இப்படித்தான் இல்லாத தீர்ப்பைக் கோர்ட்ல கொடுத்து 5,000 டாலர் ஃபைன் கட்டினாங்க, அவங்க ஸ்டூடன்ட் கூட இல்ல. இருக்கிற கேஸையாவது படிக்கிறீங்களான்னா அதுவும் கிடையாது. ஒரு ரவுண்டுல ஜட்ஜா உக்காந்திருந்தேன், அரசு தரப்புப் பையன் ஏடிஎம் ஜபல்பூர், 1976னு (எமர்ஜென்சில கைதானவங்க கோர்ட்டுக்குப் போக முடியாதுன்ன தீர்ப்பு) கணீர்னு ஆரம்பிச்சான், கம்பென்டியத்தை (தீர்ப்புத் தொகுப்பு) புரட்டினா ஹெட்நோட் (தீர்ப்போட ஆரம்பச் சுருக்கம்) முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், அதுக்கு அடுத்த பக்கத்துலேர்ந்து ஒரு பென்சில் கோடு கூட இல்ல. டிசென்ட் (மாறுபட்ட தீர்ப்பு) யாருப்பான்னேன். முழிச்சான். கன்னா, அஞ்சு பேர்ல ஒருத்தர். இது இன்னும் நிக்குதான்னேன். "யெஸ் மை லார்ட்"னான்! 2017லயே புட்டசாமி வழக்குல (பிரைவசி அடிப்படை உரிமைன்ன தீர்ப்பு) ஒன்பது பேர் பெஞ்ச் அதைத் தூக்கிப் போட்டாச்சு. தீர்ப்பைத் திறங்க, கடைசிப் பக்கம் வரை போங்க, அப்புறம் ஓவர்ரூல் ஆச்சான்னு பாருங்க. எத்தனை தடவை தான் எழுதறது.

பெஞ்ச் நடுவுல கேள்வி கேட்டா "அப்புறம் வரேன்"னு சொல்லலாமா?
கூடாது. அப்பவே ரெண்டு வரில பதில் சொல்லிட்டு விட்ட இடத்துக்குத் திரும்புங்க.

ஜெஸப் மூட் போட்டிக்கு எங்க காலேஜ்ல யாரும் போனதில்ல, முடியுமா?
முடியும். 1960லேர்ந்து நடக்குது, முழுக்க சர்வதேச சட்டம், ரெண்டு நாடு ஐசிஜே (சர்வதேச நீதிமன்றம்) முன்னாடி மோதற மாதிரி. இங்க இந்தியா ரவுண்டுல ஜெயிச்சா தான் வாஷிங்டன். மாசக்கணக்கா வேலை இருக்கும், செமஸ்டர் எக்ஸாமோட இடிக்கும், வீட்ல சொல்லிடுங்க. ரூல்ஸ் படிங்க.

மூட் பிராப்ளம்ல (கற்பனை வழக்குல) கொலை 2024 மார்ச், எஃப்ஐஆர் ஆகஸ்ட். ஐபிசியா (பழைய குற்றச் சட்டம்) பிஎன்எஸ்ஸா (புதுசு)?
உருப்படியான கேள்வி. குத்தம் நடந்தது பிஎன்எஸ் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முன்னாடி, அதனால ஐபிசி 302. புரொசீஜருக்கு மட்டும் பிஎன்எஸ்எஸ் (புது நடைமுறைச் சட்டம்). ரெண்டையும் குழப்பி எழுதின மெமோரியல் என் மேஜைல இப்பவே நாலு கிடக்கு.