சட்டைக் கையைச் சுருட்டியா அளந்தீர்கள்?

வயதோடு 100 கூட்டினால் வருவதுதான் சரியான பிரஷர் என்கிறார் என் மாமா. எனக்கு 62. அப்படியானால் 162 சரிதானே? (பிடோக்)

சரியில்லை. வயதாக வயதாக ரத்த நாளம் விறைத்து மேல் எண் ஏறுவது வழக்கம்தான். வழக்கம் என்பதால் அது ஆரோக்கியமாகிவிடாது. கிளினிக்கில் 140/90, வீட்டில் 135/85 தாண்டினால் 30 வயதிலும் அதிகம், 62-லும் அதிகம்.

காலையில் மார்க்கெட் போய் வந்ததும் 158, ராத்திரி 126. மெஷின் கெட்டுவிட்டதா? (ஈசூன்)

மெஷினை விடுங்கள். பையை இறக்கி வைத்த கையோடு அளந்தால் வேறென்ன காட்டும்? எந்தக் கை, எத்தனை தடவை, ஒன்றும் எழுதவில்லை. வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான்.

கோப்பி குடித்து அரை மணியாவது ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம், பேச்சும் வேண்டாம். மெஷினின் பட்டையை வெறும் தோலில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே சுற்றுங்கள். இறுக்கமான சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளினால் அதுவே கயிறு கட்டியதுபோல் அழுத்தும், சட்டையைக் கழற்றிவிடுங்கள். கையை மேசையில் வைத்தால் பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும். தொங்கவிட்டால் எண் 10 வரை கூடிவிடும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் அப்படித்தான். டேப்பால் சுற்றளவு பார்த்து வாங்குங்கள்.

காலை மருந்துக்கு முன் இரண்டு தடவை, இரவு இரண்டு தடவை, நடுவே ஒரு நிமிடம் விட்டு, 7 நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள்.

30 வாரக் கர்ப்பிணி. இரண்டு தடவை 142/92 வந்தது. அடுத்த அப்பாயின்ட்மென்ட் இரண்டு வாரம் கழித்து. (செங்காங்)

காத்திருக்காதீர்கள், இன்றே மகப்பேறு மருத்துவரை அழையுங்கள். 160/110 தொட்டாலோ, கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலோ நேரே அவசரப் பிரிவு.

பையனுக்கு 9 வயது, 118/76. நார்மல்தானே? (தெம்பனிஸ்)

உயரம் எங்கே? பிள்ளைகளுக்கு வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்துத்தான் கணக்கு. பெரியவருக்கு நல்ல எண்தான், 9 வயதுக்குக் கூடுதல். சிறுவர் பட்டையில் மருத்துவரிடம் மறுபடி பாருங்கள்.

அம்மாவுக்கு 78. எழுந்தால் தலைசுற்றுகிறது. மாத்திரையைப் பாதியாக்கலாமா? (உட்லண்ட்ஸ்)

நீங்களாகக் கூடாது. 5 நிமிடம் படுக்கவைத்து அளங்கள். எழுந்து நின்ற 1-வது, 3-வது நிமிடத்திலும் அளங்கள், பக்கத்தில் ஆள் நிற்கட்டும். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.

சோடியம் குறைந்த உப்புக்கு மாறலாமா? (ஜூரோங்)

சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ லொசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டாலோ கேட்காமல் மாறாதீர்கள், அந்த உப்பில் பொட்டாசியம் உண்டு, அது உடம்பில் தேங்கிவிடும். மற்றவர்கள் மாறலாம், ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்துக்கொண்டு.