காதில் ‘கொய்ங்’ என்று ஓயாமல் கேட்கிறது, இதை நிறுத்த வழி உண்டா?

ராத்திரி படுத்தால் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள், பைத்தியம் பிடித்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்காது. எனக்குப் பதினோரு வருடமாகக் கத்துகிறது. இதை எழுதும்போதும்தான்.

எனக்குச் சேலம் அம்மாப்பேட்டை. பதினெட்டு வயதிலிருந்து விசைத்தறி. தறி ஓடும்போது பட்டறைக்குள் யாரும் பேச மாட்டோம். கையைக் காட்டுவோம், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அது பழக்கமாகிவிட்டதால் காது போய்க்கொண்டிருப்பதே தெரியவில்லை.

தெரிந்தது ஏற்காட்டில். குடும்பத்தோடு போய் ஒரு ராத்திரி தங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைத்தது, எச்சில் விழுங்கியதும் விட்டுவிட்டது. படுக்கும்போது, “இங்க சில்வண்டு என்னமா கத்துது!” என்றேன். மனைவி ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே” என்றாள். ஜன்னலைச் சாத்தினேன், குறையவில்லை. தலையணையால் காதை மூடினேன். கூடிவிட்டது.

ஊருக்கு வந்ததும் தெரிந்தவர் சொன்னாரென்று ஒரு கடையில் எண்ணெய் வாங்கிக் காதில் விட்டேன். மூன்று மாதம் வீணானதுதான் மிச்சம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் விடுவது ஆபத்து என்று பிறகுதான் தெரியும். காது டாக்டர் முதலில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார் (சிலருக்கு அதை எடுத்ததுமே சத்தம் நின்றுவிடுமாம், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை). அப்புறம் கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள், எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம். கோடு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சுச் சுருதிப் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து, மறுபடி கொஞ்சம் ஏறியது. இரைச்சலில் வேலை செய்தவர்களின் காதில் விழும் பள்ளம் அது.

உட்காதில் நத்தைக்கூடு போன்ற பகுதியில் நுண்ணிய மயிர் செல்கள் இருக்கின்றன. செத்தால் திரும்ப முளைக்காது. அங்கிருந்து சேதி வருவது குறைந்ததும் மூளை அந்த இடத்தின் வால்யூமைத் தானே ஏற்றிக்கொள்கிறது. அதுதான் சத்தமாகக் கேட்கிறது என்கிறார்கள். பாவில் (நீளவாட்டு நூலில்) இழை அறுந்ததைப் பார்க்காமல் தறியை ஓட்டினால் துணி நெடுக ஒரு கோடு விழுமே, எனக்கு அப்படித்தான் புரிந்தது.

கேட்கும் திறன் நன்றாக இருப்பவர்களுக்கும் இது வரும். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காது நன்றாக இருந்த 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஆக, அமைதியைத் தேடி ஓடாதீர்கள். அமைதியில்தான் அது கூடும்.

எனக்கு உதவியவை சாதாரணமானவை. ராத்திரி ஃபேன், இல்லையென்றால் ரேடியோவைக் கேட்டும் கேட்காமலும் வைப்பது. காதுக்குள் கேட்கும் இரைச்சலை முழுக்க மூடிவிடக் கூடாது, அதோடு கலந்து கிடந்தால் போதும். பெரிய மாற்றம் தந்தது காது மெஷின். வெளிச்சத்தம் உள்ளே வந்ததும் உள்சத்தம் பின்னுக்குப் போனது. வெட்கப்பட்டு இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன், முட்டாள்தனம். கவலையும் தூக்கமின்மையும் சேர்ந்து படுத்தினால் சிபிடி என்ற மனநலப் பயிற்சி பலன் தருகிறது. சத்தத்தை அது குறைக்காது, அதன்மேல் நமக்கு இருக்கும் பயத்தைக் குறைக்கும். இரைச்சலையே நிறுத்த நிரூபணமான மாத்திரை இதுவரை இல்லை. ஜிங்கோ என்ற மரத்தின் இலையில் செய்யும் மாத்திரைக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

பட்டறையில் பஞ்சு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. 85 டெசிபல் சத்தத்தில் அதிகபட்சம் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் கணக்கு. 94 என்றால் ஒரு மணி நேரம்தான். நம் தறிச்சத்தம் 90-ஐச் சுலபமாகத் தாண்டும். காதை முழுக்க மூடும் இயர் மஃப் போடுங்கள்.

சில சமயம் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரு காதில் மட்டும் கேட்டால், நாடித் துடிப்போடு சேர்ந்து ‘டப் டப்’ என்று கேட்டால், தலைசுற்றலும் சேர்ந்தால் டாக்டரிடம் போங்கள். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்; ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பலன். போகும்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டையெல்லாம் எடுத்துப் போங்கள். அதிக அளவு ஆஸ்பிரின்கூட இந்தச் சத்தத்தைக் கொண்டுவரும்.