மகள் மாணவர் சங்கத்தில் சேர விரும்பினால்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், அரசியல் கட்சி சார்ந்த மாணவர் சங்கம் ஒன்றில் சேர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். கேள்வி கேட்கவும் மேடையில் பேசவும் பழக இதைவிட நல்ல வழியில்லை என்று தோழியர் சிலரும், பெயர் கெட்டு வேலைக்கு ஆபத்து வந்துவிடும் என்று வேறு சிலரும் விடுதியில் வாதிடுவதாகவும், குரூப் 2 தேர்வும் காவல் உதவி ஆய்வாளர் தேர்வும் எழுதும் எண்ணம் அவருக்கு இருப்பதால் தாங்கள் கலங்குவதாகவும் அறிகிறேன்.

சட்டப்படி இயங்கும் ஓர் அமைப்பில் மாணவப் பருவத்தில் உறுப்பினராக இருந்தார் என்பது மட்டுமே அரசுப் பணிக்குத் தடையாகாது. அரசியல் செயல்பாடுகளில் பங்கெடுத்தவர் என்ற காவல்துறை அறிக்கையை வைத்து மத்தியப் பிரதேசத்தில் ஆசிரியர் ஒருவரைப் பணியிலிருந்து நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1983இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பணியில் சேர்ந்த பிறகு நிலைமை வேறு. அரசு ஊழியர் கட்சி உறுப்பினராக இருக்க நடத்தை விதிகள் இடம் தருவதில்லை என்பதால், அப்போது எல்லா உறுப்பினர் பொறுப்புகளிலிருந்தும் எழுத்துப்பூர்வமாக விலகிவிட வேண்டும்.

உண்மையான ஆபத்து வழக்கில் இருக்கிறது. அனுமதியில்லாத ஆர்ப்பாட்டத்தில் மாணவர்களைக் கைது செய்து, திருமண மண்டபத்தில் வைத்திருந்து, பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு மாலையில் விடுவிப்பது நம் ஊர்களில் வழக்கம். பிள்ளைகளும் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கலகலப்பாகவே வீடு திரும்புவார்கள். அன்று முதல் தகவல் அறிக்கை பதிவானதா, அதில் தம் பெயர் இருக்கிறதா என்று பெரும்பாலோர் விசாரிப்பதே இல்லை. சில ஆண்டுகள் கழித்து, பணி நியமனத்துக்கு முந்தைய காவல்துறை சரிபார்ப்பில்தான் அது வெளிப்படும். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகள் இதில் மிகக் கடுமையானவை: புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியாக மாறியதாலோ சந்தேகத்தின் பலனைப் பெற்றோ விடுதலையானவரைக்கூட, குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே அவை கருதுகின்றன. ஆகவே உதவி ஆய்வாளர் பணிதான் முதல் இலக்கு என்றால், சங்கத்தில் இருந்தாலும் அனுமதி பெறாத மறியல்களில் அவர் கலந்துகொள்ளவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மற்றப் பணிகளுக்கு விண்ணப்பிக்கும்போது, வழக்கு விவரம் கேட்கப்பட்டிருந்தால் அதை மறைக்காமல் எழுத வேண்டும். அவதார் சிங் வழக்கில் 2016ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்குகளை ஒருவர் மறைத்திருந்தாலும் வேலை தருபவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று கூறியிருக்கிறது. ஆனால், அது அவர் விருப்பத்தைப் பொறுத்தது. கேட்டுப் பெறும் உரிமையன்று. வெளிநாட்டுப் படிப்பு மனத்தில் இருந்தால், நிலுவையிலுள்ள குற்ற வழக்கு கடவுச்சீட்டையும் தாமதப்படுத்தும் என்பதை நினைவில் கொள்க. நீதிமன்ற அனுமதியின்றி அது கிடைப்பது கடினம்.

படிப்பு கெடுமோ என்ற அச்சத்துக்கு லிங்டோ குழுவின் பரிந்துரைகளே நல்ல விடை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் தலைமையில் அமைந்த அக்குழு 2006இல் அளித்த அறிக்கையை உச்ச நீதிமன்றமும் ஏற்றது. மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்பவருக்குக் குறைந்தது 75 விழுக்காடு வருகைப்பதிவு இருக்க வேண்டும், அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, தேர்தல் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் அது வரையறுத்தது. தங்கள் மகள் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றாலும், முதல் இரண்டையும் வீட்டு நிபந்தனைகளாக வைத்துக்கொள்ளலாம். அப்பா போட்ட கட்டுப்பாடு என்று அவர் முகம் சுளிக்கவும் இடமிருக்காது.

தோழியர் சொல்லும் நன்மைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கல்வி உதவித்தொகை வராத மாணவியருக்காக அரசாணையைத் தேடிப் படித்து, மனு எழுதி, ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் நாளில் வரிசையில் நின்று, ஒப்புகைச் சீட்டு வாங்கி, பதில் வராதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கப் பழகும் ஒரு பெண், குரூப் 2 முதன்மைத் தேர்வில் நிர்வாகம் பற்றிய வினாவைப் பயிற்சி மையக் குறிப்பை மட்டும் மனப்பாடம் செய்தவரைவிடத் தெளிவாக எழுதுவார். சட்டம், இதழியல், சமூகப் பணி ஆகிய துறைகளுக்குச் செல்வோருக்கு இது இன்னும் பயன்படும். ஆனால், எல்லாச் சங்கக் கிளைகளும் இப்படி நடப்பதில்லை. தலைவர் வருகைக்கு ஆள் சேர்ப்பதும் சுவரொட்டி ஒட்டுவதுமே வேலையாக உள்ள கிளைகளும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில், கேரளத்தைப் போல மாணவர் பேரவைக்கு நேரடித் தேர்தல் நடப்பதில்லை என்பதால், இங்கே சங்கத்தில் சேர்வது என்பது அநேகமாகக் கட்சியின் மாணவர் அணியில் சேர்வதாகவே முடிகிறது.

எனவே உடனே படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். இந்தப் பருவம் முழுவதும் பார்வையாளராகச் சில கூட்டங்களுக்குச் சென்று வரட்டும். கடந்த ஆண்டு இந்தக் கல்லூரியில் எந்தக் கோரிக்கையை எடுத்தீர்கள், அது என்ன ஆயிற்று, உறுப்பினர் மீது வழக்கு வந்தால் வழக்கறிஞர் வைப்பது யார் என்று கிளைச் செயலாளரிடம் அவரே கேட்கட்டும். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அந்தக் கிளை வேண்டாம்.