உள்கேட்டா, வெளிகேட்டா? குதிரைப் பந்தயக் கேள்வி பதில்

கிண்டிக் குதிரை லாயங்களில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுக் காரைக்குடி திரும்பியவன் நான். பந்தயம் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டதற்குத் தெரிந்தவரை பதில்.

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில்தானே கிளம்புகிறது? பிறகு எந்த கேட் என்று ஏன் இவ்வளவு பேச்சு?

கேட் என்றால் குதிரை கிளம்ப நிற்கிற கதவு வைத்த கூண்டு, உள்வேலியை ஒட்டியது 1-ஆம் கேட். கோடு ஒன்றுதான், ஓடுகிற தூரம் ஒன்றல்ல. தேர் மூலை திரும்பும்போது பார்த்திருப்பீர்கள். உள்வடம் பிடித்தவர் ரெண்டு எட்டு வைத்தால் போதும், வெளிவடத்துக்காரருக்கு மூச்சு வாங்கும். குதிரைக்கும் அதே கணக்கு. அரைவட்ட வளைவில் உள்வேலியை விட்டு ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் மூன்று மீட்டருக்கு மேல் கூடுதல் ஓட்டம். குதிரையின் நீளமே சுமார் இரண்டரை மீட்டர்தான். மூன்று மீட்டர் தள்ளி மாட்டிக்கொண்டால், ஒரே வளைவில் கிட்டத்தட்ட நான்கு குதிரை நீளம் போச்சு. 400 மீட்டர் ஓட்டத்தில் வெளித்தடத்து ஆளை முன்னால் நிறுத்தி ஈடு செய்வார்கள். குதிரைக்குத் தனித்தடம் கிடையாது, அதனால் அந்தச் சலுகையும் கிடையாது. கேட் எண் குலுக்கலில் விழுவதுதான்.

பள்ளத்தூரிலிருந்து: அப்படியானால் எப்போதும் 1-ஆம் கேட்டுக்கே பணம் கட்டிவிடலாமே?

கட்டுங்கள். அப்புறம் முகப்புத் தேக்குத்தூணைப் பெயர்த்து விற்க வேண்டி வரும்!

முதல் வளைவு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதுதான் விஷயம். இங்கிலாந்தின் செஸ்டர் மைதானம் ஒரு சுற்றுக்கு ஒரு மைலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். எப்போதும் வளைந்துகொண்டே இருக்கும். அங்கே குறுந்தூரப் பந்தயத்தில் உள்கேட் கிடைத்தால் பெரிய பாக்கியம். வளைவுக்கு முன் நீண்ட நேர்பாதை இருந்தால், வெளிகேட் குதிரைக்கும் உள்ளே இறங்க அவகாசம் உண்டு.

உள்ளே இருப்பதே வினையாவதும் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் 20 குதிரைகள் வரை ஓடும். கதவு திறந்ததும் மொத்தக் கூட்டமும் உள்பக்கம் சாய, 1-ஆம் கேட் குதிரை வேலியோரம் நசுங்கும். 1986-இல் ஃபெர்டினாண்ட் என்ற குதிரை அந்த 1-ஆம் கேட்டிலிருந்து ஜெயித்தது. அதற்குப் பிறகு 2025 வரை அந்தக் கேட்டிலிருந்து ஒரு குதிரையும் ஜெயிக்கவில்லை.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்: வளைவே இல்லாத பந்தயமும் உண்டாமே தம்பி?

உண்டு ஆச்சி. மெல்போர்னில் ஃப்ளெமிங்டனில் 1200 மீட்டர் நேராகவே ஓடும். அங்கே தரைதான் பேசும். எந்தப் பக்கம் புல் மிதிபடாமல் காய்ந்து உறுதியாக இருக்கிறதோ, அந்தப் பக்கம் லாபம். மழை பெய்தால் கணக்கே மாறும்.

திருப்பத்தூரிலிருந்து: இடப்பக்கம் சுற்றுவதா, வலப்பக்கமா?

ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் இடம், ஹாங்காங்கில் வலம். இடது வளைவில் குதிரை இடது முன்னங்காலை முன்வைத்து ஓட வேண்டும். பழகாத குதிரை திணறும்.

சிங்கம்புணரியிலிருந்து: அண்ணே, நம் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் இது பொருந்துமா?

பாதி பொருந்தும். 'போக வர எட்டு மைல்' என்றால் சாலை முழுக்க ஏறக்குறைய நேர்தான், வளைவுக் கணக்கு செல்லாது. எல்லையில் திரும்புகிற இடம் ஒன்றுதான் உங்கள் வளைவு. அங்கே வண்டியை அகலமாகச் சுற்றினால் பின்னால் வருகிறவன் உள்ளே நுழைந்துவிடுவான். குறுகின சாலையில் மறுபடி அவனைத் தாண்டுவது லேசில்லை. நான் எப்போதும் எல்லைக்குத்தான் போய் நிற்பேன். கிளம்புகிற இடத்தில் புழுதிதான்.