கடை, லிஃப்ட், காத்திருப்பு அறை என்று எங்கும் பின்னணி இசை. இது எரிச்சலாக இருப்பது எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை, நானும் அதே கட்சிதான். வேடிக்கை என்னவென்றால், இசைப் பித்து உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். காதில் ஒரு மெட்டு விழுந்துவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு வேறு வேலை பார்க்க எங்களால் முடியாது.

துணைக்கு ஒரு நீதிபதியே இருக்கிறார். வாஷிங்டன் நகரின் டிராம்களிலும் பேருந்துகளிலும் ஒலிபெருக்கி வைத்து வானொலியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்த்த வழக்கு 1952இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஃபிராங்க்ஃபர்ட்டர் என்ற நீதிபதி, தானே இதனால் அவதிப்படுபவர் என்று காரணம் எழுதிவைத்துவிட்டு அந்த வழக்கிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். தீர்ப்பு என்னவோ பயணிகளுக்குச் சாதகமாக வரவில்லை.

கடைக்காரர்கள் விடாததற்கும் காரணம் உண்டு. மில்லிமன் என்ற ஆய்வாளர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சோதித்து 1982இல் வெளியிட்ட முடிவு இது: மெதுவான இசை ஒலித்தபோது மக்கள் மெதுவாக நடந்தார்கள், வேகமான இசையோடு ஒப்பிட்டால் விற்பனை சுமார் 38 சதவீதம் கூடியது. ஆக, அது நம் ரசனைக்காகப் போடும் பாட்டு இல்லை. உணவகத்தில் கதை வேறு. சுற்றிலும் சத்தம் இருந்தால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துவோம். இதை லொம்பார்ட் விளைவு என்பார்கள். பேச்சுச் சத்தம் ஏறியதும் பாட்டு கேட்கவில்லை என்று அதையும் ஏற்றுவார்கள். அப்புறம் எதிரில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

சரி, அமைதியில் அப்படி என்ன இருக்கிறது? என்னைக் கேட்டால், தூரம். அமைதியான இடம் என்றால் சத்தமே இல்லாத இடம் இல்லை. தொலைவில் நடப்பதும் காதுக்கு எட்டுகிற இடம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழை இலைமேல் விழுகிறதா மண்மேல் விழுகிறதா, எல்லாம் தெரியும். ஒரு சின்ன ஸ்பீக்கர் பாடத் தொடங்கினால் போதும், அந்த வட்டம் சில அடிகளுக்குள் சுருங்கிவிடும். (காட்டைப் பற்றிய ஆவணப்படத்தில்கூட விடாமல் வயலின் வாசிக்கிறார்களே, அது ஏன்?)

கார்டன் ஹெம்ப்டன் என்ற ஒலிப்பதிவாளர் 2005இல் அமெரிக்காவின் ஹோ மழைக்காட்டில் ஒரு மரக்கட்டைமேல் சிறு கல்லை வைத்து, அந்த ஒரு சதுர அங்குலத்தில் மனிதச் சத்தம் விழாமல் காப்போம் என்றார். ஒரு விமானத்தின் சத்தம் பல மைல் பரப்பைக் கெடுக்கும் என்றால், ஒரு புள்ளியைக் காப்பதும் பல மைலைக் காப்பதாகும் என்பது அவர் கணக்கு.

நம்மால் ஆனது, கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்பது. கூச்சப்படாதீர்கள். அதே பாட்டுகளை நாள் முழுக்கக் கேட்டுச் சலித்த ஊழியர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகவே குறைத்துவிடுகிறார்கள்.