கேமிங் கணினிக்குத் தனி சவுண்ட் கார்டு வேண்டுமா?

கேள்வி: புதிதாக ஒரு கேமிங் கணினி அசெம்பிள் செய்யப் போகிறேன். மதர்போர்டிலேயே ஆடியோ இருக்கிறது. ஆனால் தனி சவுண்ட் கார்டு போட்டால்தான் எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியும், கேமும் வேகமாக ஓடும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள், எதில் கேட்கப் போகிறீர்கள்? யுஎஸ்பி ஹெட்செட் அல்லது டாங்கிளுடன் (யுஎஸ்பி துளையில் செருகும் சின்ன ரிசீவர்) வரும் வயர்லெஸ் ஹெட்செட் என்றால் பேச்சு இங்கேயே முடிந்தது. சவுண்ட் கார்டு செய்ய வேண்டிய வேலையை அந்த ஹெட்செட்டே செய்துகொள்கிறது. நீங்கள் கார்டு வாங்கி மாட்டினாலும் அது சும்மாதான் இருக்கும். எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்கோ டிவிக்கோ ஒலி போனாலும் இதே கதைதான்.

3.5 மிமீ பின் உள்ள ஹெட்போன் என்றால் மேலே படியுங்கள்.

நண்பர் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. விண்டோஸ் எக்ஸ்பி நாட்களில் முப்பரிமாண ஒலி, எதிரொலி போன்ற கணக்குகளைச் சவுண்ட் கார்டின் சிப்பே போட்டது. சிபியுவுக்கு அந்தச் சுமை குறைந்தது. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா அந்த வழியை அடைத்துவிட்டது. இன்று காலடி இடப்பக்கமா, பின்பக்கமா என்று கணக்கிடுவது கேம்தான். கார்டுக்கு வந்து சேர்வது கலந்து முடித்த ஒலி. எனவே ஃப்ரேம் ரேட்டில் வித்தியாசம் தெரியாது. திசை சரியாகத் தெரிய வேண்டுமென்றால் கேமின் ஆடியோ செட்டிங்கில் 'ஹெட்போன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது இருக்கும்போது ஹெட்செட் மென்பொருளின் வர்ச்சுவல் சரவுண்டையும் (சுற்றிலும் ஒலி வருவதுபோல் காட்டும் வசதி) போட்டால் ஒரே கணக்கை இரண்டு முறை போட்டதுபோல் ஆகித் திசை குழம்பும்.

சரி, மதர்போர்டு ஆடியோவின் தரம்? பல நல்ல போர்டுகளில் இருக்கும் ரியல்டெக் ஏஎல்சி1220 சிப்புக்குச் சிக்னல்-இரைச்சல் விகிதம் (இரைச்சலைவிட ஒலி எவ்வளவு ஓங்கி இருக்கிறது என்ற அளவு, கூடினால் நல்லது) 120 டெசிபல். சிடியில் இருக்கும் 16 பிட் ஒலிக்கே சுமார் 96 போதும். போர்டில் உட்கார்ந்த பிறகு அந்த 120 முழுதாகக் கிடைக்காதுதான், ஆனாலும் காதுக்குக் குறை தெரியாது.

நிஜமான தொல்லை வேறு: இரைச்சல். என் பழைய கணினியில் மவுஸை நகர்த்தினால் ஹெட்போனில் 'கிர்ர்' என்று கேட்கும். கேம் ஓடினால் அதுவே 'கீ...' என்று ஏறும். சவுண்ட் கார்டு வாங்க இருந்தேன். பிறகுதான் ஹெட்போனை கேபினட்டின் முன்பக்கத் துளையிலிருந்து பிடுங்கிப் பின்பக்கம் செருகிப் பார்த்தேன். அடங்கிவிட்டது. முன்பக்கத் துளைக்குப் போகும் ஒல்லியான வயர் கிராபிக்ஸ் கார்டை ஒட்டி ஓடி, வழியில் இருக்கிற இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

நீங்களும் இப்படிச் சோதியுங்கள்: கணினி தயாரானதும் ஒரு கனமான கேமை ஓடவிட்டு, கேமுக்குள் ஒலியை மட்டும் பூஜ்யமாக்கி, விண்டோஸ் வால்யூமை முழுக்க ஏற்றிக் கேளுங்கள். பின்பக்கத் துளையில் நிசப்தம் என்றால் கார்டு வேண்டாம்.

அங்கேயும் இரைகிறது என்றால் செலவு செய்யலாம், ஆனால் உள்ளே மாட்டும் கார்டில் வேண்டாம். யுஎஸ்பி டிஏசி வாங்குங்கள், அதாவது டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கான சிக்னலாக மாற்றும், யுஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி. இரைச்சல் பிறக்கும் பெட்டிக்கு வெளியே இருக்கும், நாளை லேப்டாப்பிலும் செருகலாம். மேலும் இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் மூன்று ஸ்லாட் அகலத்துக்குப் படுத்துக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் இடத்தில் சவுண்ட் கார்டைத் திணித்தால் கிராபிக்ஸ் கார்டின் ஃபேனுக்குக் காற்று போகும் வழி அடைபடும்.

இரைச்சலே இல்லாவிட்டாலும் தனிக் கருவி தேவைப்படும் ஆட்கள் உண்டு. சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் மின்தடை உள்ள ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்குப் பல மதர்போர்டுகளில் வால்யூம் பத்தாது. ஆம்ப் (சிக்னலின் பலத்தைக் கூட்டும் பகுதி) சேர்ந்த டிஏசி வேண்டும். வழக்கமான கேமிங் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் 32 ஓம் அளவில்தான் இருக்கும், அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

அப்புறம், மைக். ஹெட்செட்டின் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் ஒலியும் மைக்கும் ஒரே பின்னில் வருகின்றன. கணினியின் பின்பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனித் துளை என்பதால் மைக் வேலை செய்யாது. இதைப் பார்த்து ஆடியோ பழுது என்று நினைத்துச் சவுண்ட் கார்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு பின்னை ஒலிக்கும் மைக்குக்கும் இரண்டாகப் பிரித்துத் தரும் ஒரு சின்ன ஒய் ஸ்ப்ளிட்டர் போதும்.